நகரத்தைத் தரவால் படிக்க வருகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

பைதான் ஓரளவு கைவந்துவிட்டது, ஆன்லைனில் இரண்டு மூன்று மெஷின் லேர்னிங் கோர்ஸ் முடித்தாயிற்று, டைட்டானிக் பயணிகளில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்கிற பயிற்சியும் செய்தாயிற்று. ஆனால் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து யார் எந்தச் செருப்பை வாங்குவார்கள் என்று கணித்துக்கொண்டிருக்க மனசில்லை. வெள்ளம், குடிநீர், பஸ், வீடு, குப்பை என்று ஊருக்கு ஆகிற ஆராய்ச்சியாகச் செய்யவேண்டும். இப்படி என்னிடம் கேட்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஊர் என்பதால் சென்னையை வைத்தே சொல்கிறேன். மதுரையிலோ கோவையிலோ இருக்கிறவர்கள் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதல் படி: கேள்வி ஒன்று

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டேட்டா எங்கே கிடைக்கும் என்றுதான் தேடுகிறார்கள். ஒரு ஃபைல் கிடைத்ததும் திறந்து பார்த்து, சரி இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படிப் போனால் அந்த ஃபைலைத் தயாரித்த அலுவலகத்துக்கு எது முக்கியமோ அதைத்தான் நீங்களும் ஆராய்வீர்கள். கேள்வியை முதலில் பிடியுங்கள், அதுவும் சின்னதாக. 'சென்னையின் போக்குவரத்துப் பிரச்சினை' என்பது கேள்வி இல்லை, புலம்பல். பெரும்பாக்கத்தில் குடியிருக்கிற ஒரு பெண் மயிலாப்பூரில் வீட்டு வேலைக்குக் காலை 7 மணிக்குள் போய்ச் சேர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், காசு கொடுக்காமல் போக முடியுமா? இது கேள்வி.

இந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கூவம், அடையாறு கரையோரம் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். எட்டு மாடி அடுக்குகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். குடிசை மாற்று வாரியம் என்று நமக்குத் தெரிந்த, 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டியது. அதே 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஆனால் டீலக்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் கிடையாது. ஆகவே 'பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது' என்று கேட்டால் போதாது, 'அவள் ஏறக்கூடிய பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது' என்று கேட்க வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வு.

இந்த மாதிரிக் கணக்குக்கு எட்டும் தன்மை ஆய்வு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: ஒரு இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வேலைகள், எத்தனை பள்ளிகள், எத்தனை ஆஸ்பத்திரிகளை எட்ட முடியும்? பிரேசில் அரசின் ஆய்வு நிறுவனமான இபேயா தன் நாட்டுப் பெருநகரங்களுக்கு இதைக் கணக்கிட்டு, அதற்காக எழுதிய ஆர்5ஆர் என்ற மென்பொருளை இலவசமாகவே கொடுத்திருக்கிறது. அதற்கு பஸ் அட்டவணை ஜிடிஎஃப்எஸ் என்ற, கம்ப்யூட்டர் படிக்கிற வடிவத்தில் வேண்டும். கிடைக்கவில்லையா, மூன்று நாள் காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை நிறுத்தத்தில் நின்று நோட்டில் எழுதுங்கள். அதுவும் டேட்டாதான், பல நேரம் அட்டவணையைவிட நல்ல டேட்டா.

இரண்டாம் படி: எந்தச் சென்னை?

இதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் இந்தத் துறையில் ஆள் தேறுவாரா மாட்டாரா என்பது பாதி இங்கேதான் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னை என்று ஒரு ஊர் தரவில் கிடையாது. பழைய மாநகராட்சி ஒரு சென்னை, 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. 2011 அக்டோபரில் சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு, 15 மண்டலம் ஆக்கினார்கள். வருவாய் மாவட்டம் அப்போது பழைய எல்லையிலேயே இருந்தது, 2018இல்தான் மாநகராட்சியின் அளவுக்கு விரிந்தது. சிஎம்டிஏ என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அதை 5,904 ஆக விரித்து அறிவித்தார்கள்.

இப்போது பாருங்கள். கையில் இருக்கிற கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011 பிப்ரவரியில் எடுத்தது, அதாவது எல்லை விரிவதற்கு முன். அதில் சென்னைக்கு 46.46 லட்சம் பேர். இந்த எண்ணை எடுத்து இன்றைய மாநகராட்சியின் குப்பை டன்னையோ, லாரித் தண்ணி நடைகளையோ வகுத்து 'தலைக்கு இவ்வளவு' என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மேலே இருக்கிற எண் ஒரு ஊருடையது, கீழே இருக்கிற எண் வேறு ஊருடையது. அதேபோல, 2011 கணக்கில் 100ஆம் வார்டு என்றிருப்பது இன்றைய 100ஆம் வார்டு இல்லை. பழைய எல்லை வரைபடத்தையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எவ்வளவு பரப்பு எதற்குள் விழுகிறது என்று பார்த்துப் பிரித்துத்தான் கொண்டுவர வேண்டும், அதிலும் ஆட்கள் பரப்பெங்கும் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்ற பொய்யை ஒத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வந்து வார்டு அளவில் கைக்குக் கிடைக்கிறவரை இந்தக் கஷ்டம் தீராது.

நம் பெரும்பாக்கத்துப் பெண் இருக்கிறாரே, அவர் கதைதான் இதில் வேடிக்கை. இதேபோலக் குடிவைத்த கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சிக்குள் வருகின்றன. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. சென்னை நடுவில் இருந்த குடிசைக் குடும்பங்களை எல்லைக்கு வெளியே குடிவைத்துவிட்டு, பிறகு மாநகராட்சி எல்லையை வைத்து 'சென்னையில் நலிந்தவர்கள் எங்கே வாழ்கிறார்கள்' என்று மேப் போட்டால், இவர்கள் அந்த மேப்பிலேயே இருக்க மாட்டார்கள். கோடு ஒன்றை எடுத்துக்கொண்டதாலேயே ஆய்வின் முடிவு மாறிவிடுகிறது. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் இது எந்த ஆண்டின் எந்தச் சென்னை என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

சராசரி என்பதும் இதே வகைப் பொறிதான். அடையாறு மண்டலத்துக்கு ஒரு சராசரி போட்டால் பெசன்ட் நகர் பங்களாவும் ஊரூர் குப்பமும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். அந்த எண்ணில் வாழ்கிற ஆள் யாரும் இல்லை.

மூன்றாம் படி: கருவிகள்

இதில் நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கியூஜிஐஎஸ் என்ற மேப் போடும் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். முதல் இரண்டு மாதம் அதில் மேப் போட்டுப் பழகுங்கள். அப்புறம் பாண்டாஸ், ஜியோபாண்டாஸ், கொஞ்சம் எஸ்க்யூஎல். ஆர் மொழி தெரிந்தால் இன்னும் நல்லது. புள்ளியியலில் மாதிரி எடுக்கும் முறையும் ரிக்ரஷனும் உறுதியாகத் தெரிய வேண்டும். டீப் லேர்னிங் பிறகு வரட்டும். செயற்கைக்கோள் படத்திலிருந்து கூரைகளை எண்ணுகிற வேலை கிடைத்தால் அப்போது படித்துக்கொள்ளலாம், அதுவரை அது இல்லாமல் யாருடைய ஆய்வும் நின்றுபோனதாக நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அட்சரேகை தீர்க்கரேகை டிகிரியில் வைத்துக்கொண்டு தூரம் அளக்காதீர்கள். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யுடிஎம் முறைக்கு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்: சென்னைக்கும் மதுரைக்கும் மண்டலம் 44 வடக்கு, கோவைக்கு 43 வடக்கு. இதைத் தவறவிட்டு 'பள்ளிக்கூடம் 0.01 தூரத்தில் இருக்கிறது' என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

நான்காம் படி: டேட்டா வாங்குவது

எளிதாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் அளவை மெட்ரோ வாட்டர் தினமும் தன் தளத்தில் போடுகிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல ஃபைல் இல்லை, 2019 கோடையில் ஏரிகள் எப்படி வற்றின என்பதை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஓபன்சிட்டி தளத்தில் மாநகராட்சி பட்ஜெட்டிலிருந்து வார்டு எல்லைவரை நிறைய இருக்கிறது. டேட்டாமீட் குழுவினர் எல்லைக்கோடுகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். தெரு, கட்டடம் எல்லாம், யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் எடுக்கலாம். 2015 வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் அதன்மேல் எழுந்ததுதான். குடும்பநலம், ஊட்டச்சத்து என்றால் என்எஃப்எச்எஸ் என்கிற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இருக்கிறது, ஆனால் மாவட்ட அளவுக்குக் கீழே இறங்காது. அதை வைத்து வார்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

இல்லாததற்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. 'எங்கள் பகுதியில் ஏன் வடிகால் இல்லை' என்று கேட்டால் ஒன்றும் வராது, சட்டம் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது. 'இன்ன வார்டில் இந்த இரண்டு நிதியாண்டுகளில் மழைநீர் வடிகால் பணிக்கான வேலை உத்தரவுகளின் பட்டியல், கம்ப்யூட்டரில் இருக்கிற வடிவத்திலேயே' என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2005 சட்டம் ஃபிளாப்பியில்கூட வாங்கலாம் என்கிறது, ஃபிளாப்பி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், மனம் தளராதீர்கள், பாதிப் பேருக்கு டேட்டா கிடைக்காமல் போவது முதல் கடிதத்தோடு நிறுத்திவிடுவதால்தான்.

வந்த டேட்டா எப்படி இருக்கும்? பிடிஎஃப்பாக இருக்கும். தமிழில் இருந்தால், காப்பி செய்து ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும், ஏனென்றால் அது வானவில் மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது, யூனிகோடில் அல்ல. எழுத்துரு மாற்றி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஊர்ப் பெயர்கள். தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் ஒரு ஃபைலில் 'டொண்டியார்பேட்' என்றும் இன்னொன்றில் 'தண்டையார்பேட்டை' என்றும் மூன்றாவதில் இரண்டையும் கலந்தும் எழுதியிருப்பார்கள். எழும்பூர், திருவல்லிக்கேணி எல்லாவற்றுக்கும் இதே கதை. பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் பாதி வரிசைகள் காணாமல் போகும், கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாது. கையால் ஒரு பெயர் அகராதி செய்துகொள்ளத்தான் வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் ஒரு ஆய்வு நிறுவனத்தில் உங்களை முதல் வருஷம் வைத்துக்கொள்வதே இந்த அலுப்பான வேலைக்குத்தான்.

ஐந்தாம் படி: தெருவில் இறங்குங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குப்பை அள்ளவில்லை என்று மக்கள் ஃபோனில் சொன்ன புகார்களை வைத்து வார்டு வாரியாக ஒரு மேப் போட்டேன். அழகான மேப், வண்ணம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. வசதியான பேட்டைகள் சிவப்பாகவும், நெருக்கமான ஏழைப் பகுதிகள் பச்சையாகவும் வந்தன. அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டி, எந்த இடத்துக்குக் கூடுதல் வண்டி வேண்டும் என்று வேறு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர், "தம்பி, இது குப்பை மேப் இல்ல, ஃபோன் மேப்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொன்னால் ஏதாவது நடக்கும் என்று நம்புகிறவர்கள்தான் ஃபோன் செய்வார்கள். நம்பாதவர்கள் தெருமுனையில் கொட்டிக் கொளுத்திவிட்டுப் போவார்கள், அவர்கள் என் ஃபைலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

எனக்கு மட்டும் நடந்தது இல்லை இது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012இல் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு ஆப் விட்டது. காரில் போகும்போது ஃபோன் குலுங்குவதை வைத்து சாலைக் குழியைக் கண்டுபிடிக்கும். ஸ்மார்ட்ஃபோன் வைத்திருக்கிறவர்கள் ஓட்டுகிற சாலைகளின் குழிதானே தெரியும், முதியவர்களும் ஏழைகளும் இருக்கிற பகுதிகள் விட்டுப்போகுமே என்று யோசித்து, நகர நிர்வாகம் அதை முதலில் தன் சாலை ஆய்வாளர்களிடம் கொடுத்தது, அவர்கள் எல்லாத் தெருவுக்கும் போகிறவர்கள். குற்றம் எங்கே நடக்கும் என்று கணித்த பிரெட்பால் மென்பொருளை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 2020இல் கைவிட்டது. போலீஸ் அடிக்கடி போகிற இடத்தில்தான் குற்றம் அதிகம் பதிவாகும், அங்கேயே மறுபடி போலீஸை அனுப்பச் சொல்லும் என்ற கண்டனம் அதன்மேல் நெடுநாள் இருந்தது.

ஆகவே மாடல் போடுவதற்கு முன், உங்கள் டேட்டா ஒன்றும் சொல்லாத இரண்டு தெருக்களுக்கும் நிறையச் சொல்லுகிற இரண்டு தெருக்களுக்கும் நடந்து போய் வாருங்கள். காலை ஒரு தரம், இரவு ஒரு தரம். முப்பது வீட்டில் கேளுங்கள், 'குப்பை வண்டி கடைசியாக எப்போது வந்தது' என்று. 'திருப்தியா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் திருப்தி என்றுதான் சொல்வார்கள், வாசலில் வந்து நிற்கிற பிள்ளையை ஏன் நோகடிக்க வேண்டும் என்று.

போன இடத்தில் யாருடைய வீட்டின் சரியான இருப்பிடத்தையும் பொதுவில் போடாதீர்கள். ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றை நீங்கள் நல்ல மனசோடு துல்லியமாக மேப் போட்டுக் கொடுக்க, காலி செய்ய வருகிறவர்களுக்கு அதே மேப் பட்டியலாகிவிடும்.

ஆறாம் படி: யார் பயன்படுத்தப் போகிறார்கள்

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தைப் படித்துவையுங்கள். 2014இல் குடிநீர் ஆதாரத்தை மாற்றியதில் குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் போகிறது என்பதற்கு நகரத்திடம் இருந்த ஆவணம் கையெழுத்து அட்டைகளும் பழைய மேப்புகளும்தான், அதிலும் தப்புகள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்கள் வீட்டின் வயது, இடம், ஏற்கெனவே தோண்டிப் பார்த்த முடிவுகள் இவற்றை வைத்து, எங்கே தோண்டினால் கிடைக்கும் என்று ஒரு மாடல் செய்தார்கள். 2017இல் தோண்டிய இடங்களில் சுமார் 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. நன்றாகத்தானே போகிறது என்பீர்கள். 2018இல் மாடலை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாகத் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தது சுமார் 15 சதவீதத்தில்தான். பக்கத்து வீட்டைத் தோண்டினார்கள், என் வீட்டை ஏன் தோண்டவில்லை என்று மக்கள் கேட்டார்கள், ஏற்கெனவே ஏமாந்தவர்கள், கம்ப்யூட்டர் சொன்னது என்றால் நம்புவார்களா? 2019இல் நீதிமன்ற உடன்பாடு வந்த பிறகுதான் மாடல் திரும்பியது.

மாடல் சரியாக இருந்தும் ஒரு வருஷம் போயிற்று. அதனால் உங்கள் ஆய்வின் முடிவைத் தமிழில், இரண்டு பக்கத்தில், வார்டு கவுன்சிலரும் அந்தத் தெருவில் இருக்கிறவர்களும் படித்துச் சண்டை போடக்கூடிய மாதிரி எழுதப் பழகுங்கள். ஆங்கிலக் கட்டுரை பிறகு எழுதிக்கொள்ளலாம். வேறு எந்தத் திறமையைவிடவும் இதற்குத்தான் ஆள் பஞ்சம்.

ஏழாம் படி: படிப்பும் வேலையும்

பட்டம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. பொருளாதாரம், புவியியல், சிவில், சமூகப்பணி, எதிலிருந்தும் வருகிறார்கள். டேட்டா பக்கம் பலவீனம் என்றால் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பு இருக்கிறது, 2020இல் தொடங்கியது, ஜேஇஇ தேவையில்லை. சிறுசேரியில் சிஎம்ஐ என்கிற சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் எம்எஸ்சி டேட்டா சயின்ஸ் கணக்கில் கெட்டியானவர்களுக்கு. நகரம் பக்கம் பலவீனம் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் துறை, அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமான எம்ஐடிஎஸ், பெங்களூருவில் நகர ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ். வெளிநாடு என்றால் லண்டன் யுசிஎல்லில் காசா, நியூயார்க் பல்கலையில் கஸ்ப் என்று இதற்கென்றே மையங்கள் இருக்கின்றன. கட்டணம் தலை சுற்றும், காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகளைப் பார்த்துவிட்டு யோசியுங்கள். செவனிங்குக்கு இரண்டு வருஷ அளவு வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்த சூட்டோடு முடியாது.

வேலையென்றால் தொடக்கத்தில் ஆய்வு உதவியாளர் அல்லது அசோசியேட். சென்னையிலேயே வறுமை ஒழிப்பு ஆய்வுக்கு ஜே-பால், போக்குவரத்துக்கு ஐடிடிபி, நுகர்வோர் மற்றும் குடிமை விஷயங்களுக்கு 1985இலிருந்து இருக்கிற சிஏஜி (அரசின் தணிக்கைத் துறை இல்லை, தன்னார்வ அமைப்பு). அரசுக்குள் இருந்து பார்க்க விரும்பினால் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், இரண்டு வருஷம். சாலை விபத்துக்கு, விபத்து விவரங்களைப் போலீஸ் இடத்தோடு பதிவுசெய்கிற ஐராட் தளத்தை உருவாக்கியது சென்னை ஐஐடிதான், அந்த மாதிரிப் பேராசிரியர்களின் ப்ராஜெக்ட்டுகளில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இடம் வரும், அவர்களுடைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சம்பளம் ஐடி கம்பெனியில் போன நண்பனுடையதைவிடக் குறைவாக இருக்கும், ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியலாம். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், இதைச் சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம்.

விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவை மட்டும் அனுப்பாதீர்கள், யாரும் திறப்பதில்லை. மெயிலில் நான்கு வரி: என் கேள்வி இது, டேட்டா இங்கிருந்து எடுத்தேன், கிடைத்தது இது, எனக்குச் சந்தேகம் இந்த இடத்தில். கூடவே ஒரே ஒரு மேப், அதன் மூலையில் எந்த ஆண்டு எல்லை என்ற குறிப்போடு. நீங்கள் எழுதிய புரோகிராம் இருக்கிற லிங்க். அந்தச் சந்தேக வரியை விட்டுவிடாதீர்கள். நான் ஆள் எடுக்கும்போது முதலில் படிப்பது அதைத்தான்.